நாலாவது வார்டின் முதல் கோரிக்கை

ராசாத்தி இதுவரைக்கும் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். ஆண்களே நாலு தறிக்கு மேல் தாங்க மாட்டார்கள் என்று பேர்போன பட்டறையில் ஆறு விசைத்தறி ஓட்டிக் காட்டினாள். பதினெட்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அதே பட்டறையில் பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும் என்று கேட்டாள். நாலு வருடம் விடாமல் கேட்டுக் கட்ட வைத்தாள். 2017 பொங்கல் விளையாட்டில் தறிக்காரப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, போர் போடுகிற ரிக் லாரிப் பையன்களைக் கயிறு இழுப்பதில் தோற்கடித்தாள். கயிறு ஈரமாக இருந்தது என்று பையன்கள் வம்பு பண்ணியதால், காய்ந்த கயிறு கொண்டுவரச் சொல்லி இன்னொரு தடவை தோற்கடித்தாள். கொழிஞ்சிப்பாறை ஊராட்சித் தேர்தலில் நாலாவது வார்டில் நின்று, 143க்கு 136, ஏழு ஓட்டில் ஜெயித்தாள். கடைசியாக, அந்த வார்டுக்கு 412 மீட்டர் புதுக் குடிநீர்க் குழாயை ஜெயித்தாள். அதில் முதல் தண்ணீர் விழுந்தது 2023 நவம்பர் 9, வியாழக்கிழமை, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், காலை ஆறு பத்துக்கு.

இதில் ஒரு எண்ணும் பிசகாது. எல்லாம் அவள் அண்ணன் பூபதி பார்த்தும் கேட்டும் நோட்டில் எழுதி வைத்தவை.

பூபதி படித்தது எட்டாம் வகுப்பு. திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் ஏறி இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போனவன். ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போன இடமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் நோட்டுப் போடுகிற வேலை அவனிடம் வந்தது. இருபது அடி வரைக்கும் மண், அறுபது அடியில் ஓடைக்கல், நூற்றெண்பதில் கருப்புப் பாறை, முந்நூற்று நாற்பதில் லேசான ஈரம் என்று ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே போவான். கடைசி வரியில் தண்ணீர் வரும். கிணற்றுக்காரர் நோட்டை வாங்கியதும் மேலே உள்ள எதையும் பார்க்க மாட்டார். நேராகக் கடைசி வரிக்குப் போவார். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான். இது இங்கே எதற்கு என்றால், பின்னால் நடந்த கூத்துக்கு இதுதான் காரணம்.

ராசாத்தி பள்ளிக்கூடமே போகவில்லை. அப்பா ஆண்டி கல் உடைக்கப் போனார். ஒரு பிள்ளையைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்ற நிலைமை. பூபதி போனான். ராசாத்தி ஏழு வயதில் தறிப்பட்டறையில் உட்கார்ந்து தார் சுற்றினாள். தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கட்டைக்குப் பெயர் தார். ஏன் படிக்கவில்லை என்று யாராவது கேட்டால், "பட்டறைல ரேடியோ இருந்துச்சுங்க. பள்ளிக்கூடத்துல இல்லீங்க" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பூபதியும் சிரிப்பான், ஆனால் மற்றவர்களுக்கு அரை நொடி கழித்துத்தான்.

எண் எல்லாம் அவளுக்குத் தெரியும். மீட்டர் பார்க்காமல் தறி ஓட்ட முடியாது. எழுத்துத்தான் தெரியாது. ரேஷன் கடை, பேங்க், பிள்ளையின் கல்யாணப் பதிவு, எல்லாவற்றிலும் அவள் இடது கைப் பெருவிரல்தான் பதிந்திருக்கிறது.

பட்டறை முதலாளி நவநீதகிருஷ்ணன். இருபத்துநாலு தறி வைத்திருக்கிறார். நல்ல மனுசர், குரல் மட்டும் பெரிசு. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அதே குரல்தான் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற ஒரு தப்பைப் பார்த்து அவர் தினமும் கத்துவார். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நெடுக்கே வருகிற பாவு நூல் அறுந்தால் நிற்காது. அது பாட்டுக்கு ஓடும், ஓட ஓடத் துணி கெட்டுக்கொண்டே போகும். புதுசாக வந்தவர்கள் நிற்கிற தறியைப் பார்த்துப் பதறி ஓடுவார்கள். ஓடுகிற தறியில் ஒரு முழம் துணி பாழாகியிருக்கும்.

"நிக்கிற தறி எங்கயும் போவாது! ஓடறதப் பாரு!" என்று நவநீதகிருஷ்ணன் கத்துவார். கொழிஞ்சிப்பாறையில் பாதிச் சனம் அவர் பட்டறையில் ஒரு நாளாவது இந்தத் திட்டு வாங்கியிருக்கும்.

அதே நவநீதகிருஷ்ணன்தான் 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவராக நின்று ஜெயித்தார். நாலாவது வார்டுக்குத் தன் சொந்தக்காரர் ஒருவரை நிறுத்தினார். பெண்கள் கக்கூஸ் கதை நினைவிருந்ததால் தறிக்காரிகள் எல்லாரும் ராசாத்தியை இழுத்துப்போய் நிறுத்தினார்கள். அவளுக்குக் கிடைத்த சின்னம் மூக்குக் கண்ணாடி.

"படிக்கத் தெரியாதவளுக்குக் கண்ணாடியக் குடுத்திருக்கானுவ பாருண்ணா" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூபதி திருச்செங்கோட்டில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தான். மேலே பெரிய எழுத்தில் 'ஆ.ராசாத்தி', பக்கத்திலேயே ஒரு மூக்குக் கண்ணாடி. தறிக்காரிகள் அதில் ஒன்றை அவளுடைய மூன்றாவது தறிக்கு நேராகச் சுவரில் ஒட்டினார்கள். தேர்தல் முடிந்தும் யாரும் கிழிக்கவில்லை. முதலாளியும் கிழிக்கச் சொல்லவில்லை. தன் ஆளை எதிர்த்து நின்று தோற்கடித்தவளின் நோட்டீஸ் தன் பட்டறைச் சுவரில் இருப்பதை வருகிறவர்களிடம் அவரே காட்டிச் சிரிப்பார். பதவியேற்ற அன்று அவள் உறுதிமொழியை ஒரு சொல் தடுக்காமல் சொன்னாள்; அதற்கடியில் பெருவிரலை வைத்தாள்.

இரண்டரை வருடம் போயிற்று. 2022 ஜூலை 20, புதன்கிழமை, எம்.எல்.ஏ.வின் உதவியாளர் சபரிநாதன் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். ஒன்பது வார்டு உறுப்பினர்களையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"தொகுதியில என்னென்ன வேலை முக்கியம்னு எம்.எல்.ஏ. அரசாங்கத்துக்குப் பட்டியல் குடுக்கணுங்க. ஊராட்சிக்கு மூணு கோரிக்கை. மூணே மூணு. எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு வரிசை பண்ணி, ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில தீர்மானம் போட்டுக் குடுங்க. முதல்ல இருக்கறதுக்குத்தான் நிதி வரும். மத்ததெல்லாம் வந்தா வரும்."

அவர் போனதும் தலைவர் எழுந்தார். "ஒவ்வொரு வார்டும் பதினொண்ணாந் தேதிக்குள்ள எழுதிக் குடுத்துருங்க. அதுல இருந்து மூணை எடுத்துக்கலாம். என்னைக் கேட்டா முதல்ல சமுதாயக் கூடந்தானுங்க. ஆறு வருசமாப் பாதியில நிக்குது. கம்பியெல்லாம் வானத்தப் பார்த்து நிக்குது, உள்ள ஆடு படுத்துக்குது."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ராசாத்தியும் ஆட்டினாள். ஆனால் அன்று சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, எனக்கு ஒரு நோட்டுப் போட்டுக் குடு."

"என்ன நோட்டு சாமி?" தங்கச்சியை அவன் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

"நம்ம வார்டுக்கு ஒருநா உட்டு ஒருநா தண்ணி வருதல்லோ. தண்ணி வந்த மறுநா பட்டறைல எந்தெந்தத் தறிக்கு ஆள் வல்லைன்னு நாஞ் சொல்றேன், நீ எழுது."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதுதாண்ணா எனக்கும் தெரியோணும். தண்ணி வுட்ட மறுநா எவளாச்சு ஒருத்தி வயித்தப் புடிச்சுக்கிட்டு ஊட்லயே படுத்துக்கறா. அவ தறியையும் நாந்தான் பார்க்க வேண்டியிருக்குது. ஆறு தறி ஓட்டறவ எட்டு தறி ஓட்டறேன். முதலாளி சந்தோசமா இருக்காரு, நாந்தான் சாவறேன்."

நாலாவது வார்டில் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடத்தை வாசலில் ஊற்றிவிட்டு, மூன்றாவது குடத்திலிருந்து பிடிப்பது வழக்கம். முதல் தண்ணீரில் ஒரு நாற்றம் இருக்கும். எத்தனை வருடமாக இப்படி என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர்தான் தவறாமல் வருகிறதே, குறை சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வருகிற மருமகளுக்கு வாசல் தெளிக்கச் சொல்லிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

பூபதி நோட்டுப் போட்டான். பத்துத் தண்ணீர் நாட்கள். எட்டு நாட்களுக்கு மறுநாள் ஆள் குறைவு. எட்டில் எட்டும் வயிற்றுப்போக்கு. அதோடு விட அவனுக்கு மனம் வரவில்லை. பூமிக்கு அடியில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ரிக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. தண்ணீர் திறந்துவிடுகிற டேங்க் ஆபரேட்டர் கந்தனைக் கூட்டிக்கொண்டு, கடப்பாரையோடு மாரியம்மன் கோயில் ஓரச் சாக்கடைக்குப் போனான். இரண்டே முக்கால் அடி தோண்டியதும் பழைய குழாய் தென்பட்டது. பதினோரு அடி நீளத்துக்கு அது சாக்கடைக்குள்ளேயே போயிருந்தது. நடுவில் ஓர் இணைப்பில் சைக்கிள் ட்யூப் சுற்றிக் கட்டியிருந்தது. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் வெறும் வயிறாகிச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"யாருய்யா இந்தக் கட்டுக் கட்டுனது?" என்று பூபதி கேட்டான்.

கந்தன் குனிந்து பார்த்தான். "நாந்தானுங்கண்ணா. அவசரத்துக்குக் கட்டுனது. பாருங்க, இன்னும் அவுந்து போகலை."

அவன் குரலில் அவ்வளவு பெருமை. பூபதி கடப்பாரையைக் கீழே போட்டான். சாக்கடைக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கமாகப் புதுக் குழாய் போட்டால் எவ்வளவு நீளம் வரும் என்று டேப் பிடித்து அளந்தான். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

ஆகஸ்ட் 10ஆம் தேதி சாயங்காலம் ராசாத்தி வீட்டில் உட்கார்ந்து பட்டியல் எழுதினான். வார்டில் யார் யார் என்னென்ன கேட்டார்களோ அதையெல்லாம் விடக் கூடாது என்பது அவன் எண்ணம். மாரியம்மன் கோயில் எதிர்க் கம்பத்தில் பல்பு போய்விட்டது. பால் சொசைட்டி வாசலில் பள்ளம். மயானப் பாதையில் சீமைக் கருவேலம். இப்படிச் சின்னதில் தொடங்கி ஒவ்வொரு வரியாக இறங்கினான். பத்து வரி. பத்தாவது வரியில், அடிக்கோடு போட்டு, குடிநீர்க் குழாய், 412 மீட்டர்.

எல்லாவற்றையும் படித்துக் காட்டினான்.

"கடைசி வரில என்ன வச்சே?" என்றாள் ராசாத்தி.

"தண்ணி."

"அவ்வளவுதான். அது சரியா இருந்தாப் போதும்."

இருவருக்கும் அது முழுத் திருப்தி. அண்ணனின் நோட்டுகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். தண்ணீர் எந்த வரியில் வரும் என்று அவளுக்கும் தெரியும். கடைசி வரிக்குப் பக்கத்திலேயே பெருவிரலை அழுத்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. கிராம சபைக்கான அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, பூபதி சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். தங்கச்சியின் கோரிக்கையைப் பலகையில் பார்ப்பதற்கென்றே துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். பலகையில் ஒன்பது வார்டுக்கும் ஒவ்வொரு வரி இருந்தது. நாலாவது வார்டுக்கு நேராக எழுதியிருந்தது: 'மாரியம்மன் கோயில் எதிரில் உள்ள மின்கம்பத்தில் பல்பு மாற்றுதல்.' அதற்குக் கீழே, கிராம சபைக்கு வைக்கப்படும் மூன்று கோரிக்கைகள்: சமுதாயக் கூடத்தை முடித்தல், ஊர் நுழைவு வளைவு கட்டுதல், பேருந்து நிழற்குடை.

ஊராட்சிச் செயலர் ரமேஷ்குமாரிடம் ஓடினான். "தம்பி, எங்க பட்டியல்ல கடைசி வரிய வுட்டுட்டீங்க."

"ஏனுங்கண்ணா, ஒவ்வொரு வார்டுலயும் முதல் கோரிக்கைய மட்டுந்தானுங்க எடுத்தோம். உங்க பட்டியல்ல முதல்ல பல்புதானுங்க இருக்குது."

"முக்கியமானது கடைசி வரில இருக்குதல்லோ!"

"கடைசி வரியிலீங்களா? எந்த ஊர்லீங்கண்ணா முக்கியமானதக் கடைசில எழுதுவாங்க?"

"ரிக்குல" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அலுவலகத்தில் மேலிருந்து கீழே படிக்கிறார்கள். கீழே தண்ணீர் இருப்பது யாருக்கும் தெரியாது. தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது, தன்னை நம்பித்தான் விரலை வைத்தாள்.

வெளியே டீக்கடையில் அன்பழகன் காத்துக்கொண்டிருந்தான். அவனும் ரிக் லாரிக்காரன், கயிறு இழுத்துத் தோற்றவர்களில் ஒருவன். ஐந்து வருடமாக இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்தவன்.

"பூபதியண்ணா! எம்.எல்.ஏ.கிட்ட பல்பு கேட்டிருக்காங்களாமா மெம்பரக்கா? எத்தனை வாட்டுன்னு எழுதுனீங்களா?"

பூபதி நடையை எட்டிப் போட்டான். எழுதியிருந்தான். இருபது வாட் என்று.

அவன் நேராகப் பட்டறைக்குப் போனான். இருபத்துநாலு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே பேச்சுக் கேட்காது; உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் புரிந்துகொள்வார்கள். ராசாத்தி மூன்றாவது தறிக்கு முன்னால் நின்றாள். தறியின் இரும்புச் சட்டத்தில் சாக்பீஸால் என்னென்னவோ கிறுக்கி அழித்த தடம் இருந்தது. மீட்டர் கணக்குப் போல என்று பூபதி நினைத்துக்கொண்டான். நடந்ததை அவளுக்குக் கையால் சொன்னான். மேலே காட்டினான், கீழே காட்டினான், பல்பைத் திருகிக் காட்டினான்.

ராசாத்திக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தாள். தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்துத் தறி தனப்பிரியா என்னவென்று கேட்க, ராசாத்தியும் அதே மாதிரி பல்பைத் திருகிக் காட்டினாள். வரிசை முழுக்கச் சிரிப்புப் பரவியது. பூபதி மட்டும் கல்லாக நின்றான்.

அவள் அவனைக் கைப்பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ற தப்பு சாமி. கிராம சபைல நானே எந்திரிச்சுச் சொல்லிடறேன்" என்றான்.

"எந்தப்புந்தாண்ணா. கடைசி வரி போதும்னு நாந்தான சொன்னேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நீ ஒண்ணும் பேசாத. நீ பேசுனா முந்நூறு அடிக்குப் போயிருவ. நாம் பேசிக்கறேன்."

"முதலாளிய எதுத்தா?"

"எதுத்து எதுக்குப் பேசறேன்? அவுரு பேச்சத்தான் பேசப்போறேன்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. உள்ளே ஒரு தறியில் சத்தம் மாறியது, ஓடிவிட்டாள்.

இரண்டு நாளும் பூபதி நோட்டைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான். கிராம சபையில் தீர்மானம் ஆகிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த பட்டியல் எப்போது கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நாலாவது வார்டு முதல் இரண்டு குடத்தை வாசலில் ஊற்றிக்கொண்டு, மூன்றாவது குடத்தைக் குடித்துக்கொண்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவன் எழுதிய எழுத்தால்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கிராம சபை கூடியது. வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். தறிகளுக்கு லீவு என்பதால் பெண்கள் நிறைய. தலைவர் மைக் வைத்திருந்தார்; அவருக்கு அது தேவையே இல்லை.

"மூணு கோரிக்கைங்க. ஒண்ணு, சமுதாயக் கூடம். ஆறு வருசமா நிக்குது. அத முதல்ல ஓட்டி முடிக்கோணும். ரெண்டு, ஊருக்கு நுழைவு வளைவு. மூணு, பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை. யாருக்காவது ஏதாவது இருந்தாச் சொல்லலாமுங்க."

ராசாத்தி எழுந்தாள்.

"பல்பா அக்கா?" என்றது பின்னாலிருந்து அன்பழகன் குரல். சனம் சிரித்தது.

"பல்புதாந் தம்பி. நீ கயத்த வுட்டுட்டு உளுந்த எடத்துலதான் எரியல. எரிஞ்சா எல்லாரும் பாக்கலாம்னு கேட்டேன்" என்றாள். இந்தத் தடவை சிரிப்பு இரண்டு மடங்கு. அன்பழகனும் சிரித்துவிட்டான்.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "தலைவருங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க பட்டறைல ரெண்டு தறி. ஒண்ணு ஊடை அறுந்து நிக்குதுங்க. இன்னொண்ணு பாவு அறுந்து ஓடிக்கிட்டிருக்குதுங்க. நான் எதுக்குப் போவோணும்?"

"இதென்னம்மா கேள்வி? ஓடறதுக்குத்தான்."

"ஏனுங்க? நிக்கறது பாவமில்லீங்களா?"

இருபத்துநாலு தறிக்காரருக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மைக்கை இறக்கிவிட்டு, பழக்கதோசத்தில், பட்டறையில் கத்துகிற அதே குரலில் கத்தினார்: "நிக்கிற தறி எங்கயும் போவாது!"

"ஓடறதப் பாரு!" என்று அறுபது எழுபது பெண்கள் ஒரே மூச்சில் முடித்தார்கள். யாரும் சொல்லி வைக்கவில்லை. பதினைந்து இருபது வருடம் வாங்கிய திட்டு தானாக வாயில் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ராசாத்தி அதுவரை காத்திருந்தாள்.

"சமுதாயக் கூடம் நிக்கிற தறிங்க. ஆறு வருசமா நிக்குது, இன்னும் ஒரு வருசம் நின்னாலும் ஒண்ணும் கெட்டுப்போவாது. ஆடு படுத்துக்கும், படுத்துக்கட்டும். எங்க வார்டுக் குழாய் ஓடற தறிங்க. தண்ணி வருது வருதுன்னு நாம சும்மா இருக்கறோம். அது சாக்கடைக்குள்ள பதினோரடி ஓடுதுங்க. ஒருநா உட்டு ஒருநா ஓடி ஓடிச் சனத்தக் கெடுத்துக்கிட்டிருக்குது. தண்ணி வந்த பத்து நாள்ல எட்டு நாள், மறுநா உங்க தறிக்கு ஆள் வல்லீங்க. எங்கண்ணன் தேதியோட எழுதி வச்சிருக்காரு. வேணும்னாப் பாருங்க."

பூபதி நோட்டோடு பாதி எழுந்தான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"அது நெசந்தானா கந்தா?" என்று தலைவர் கேட்டார்.

கந்தன் தலையைச் சொறிந்தான். "சைக்கிள் ட்யூப்தானுங்க இவ்வளவு நாளாப் புடிச்சுக்கிட்டிருக்குது. நல்ல ட்யூபுங்க."

நவநீதகிருஷ்ணன் மைக்கை மறுபடி எடுத்தார். அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. அதை மறைக்கிற மனுசர் இல்லை அவர். "என்ற புள்ள கனிஷ்கா கல்யாணத்த நம்மூர்க் கூடத்துலயே வெச்சரலாம்னு பார்த்தேனம்மா" என்றார். குரல் முதல் தடவையாக மைக்குக்குள் அடங்கியிருந்தது.

"வைங்க தலைவருங்க, நாங்கதான் மொத ஆளா வந்து கோலம் போடுவோம். ஆனா அன்னிக்கு வர்ற ஆயிரம் பேருக்கு எந்தத் தண்ணியில சமைப்பீங்க? கூடம் இருக்கறதே நாலாவது வார்டுலதானுங்க."

அவர் அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆயிரம் பேரும் மறுநாள் என்ன ஆவார்கள் என்பதையும் அவர் மனது ஓடிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்ற பட்டறைல கத்துக்கிட்டு எனக்கே பாவு பூட்டறயா! சரி. ஒண்ணாவது குழாய். ரெண்டாவது கூடம். மூணாவது நிழற்குடை. வளைவு வேண்டாம், வளைவு இல்லைன்னா யாரும் வழி தப்பிப் போயிர மாட்டாங்க. சம்மதம்னா கை தூக்குங்க."

பூபதி எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். தொண்ணூற்றேழு கைகள். தொண்ணூற்றேழாவது கை அன்பழகனுடையது.

ரமேஷ்குமார் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னாள் ராசாத்தி. படித்தார். முதல் வரி எது என்று விரலால் காட்டச் சொன்னாள். காட்டினார். மேலேதான் இருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார், மற்ற உறுப்பினர்கள் போட்டார்கள். அவள் முறை வந்தபோது ரமேஷ்குமார் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் மைப்பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளினாள். "பேனா குடுங்க."

பூபதிக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பேனாவைச் சாக்பீஸ் பிடிக்கிறமாதிரி இறுக்கிப் பிடித்தாள். தலையைச் சாய்த்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். முதலில் ஆ. ஒரு புள்ளி. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, அச்சில் அடித்ததுபோல, தடிமனாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். பூபதி அந்த எழுத்தை எங்கோ பார்த்திருந்தான். எங்கே என்று நினைவு வந்ததும் தறிச் சட்டத்தில் இருந்த சாக்பீஸ் தடமும் சேர்ந்து வந்தது. அவன் அடித்துக்கொண்டு வந்த தேர்தல் நோட்டீஸ். இரண்டரை வருடமாகச் சுவரில் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. தறி ஓடுகிற நேரத்தில், நூல் அறுபடாத நிமிடங்களில், அதைப் பார்த்துப் பார்த்து இரும்பில் எழுதி அழித்திருக்கிறாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

'ஆ.ராசாத்தி' என்று முடித்தவள் பேனாவை எடுக்கவில்லை. பக்கத்திலேயே இரண்டு வட்டம் போட்டு, நடுவில் சேர்த்து, இரண்டு காலும் வைத்தாள். மூக்குக் கண்ணாடி.

"அக்கா, அதெல்லாம் போடக் கூடாதுங்க! அது சின்னமுங்க!" என்று ரமேஷ்குமார் பதறினார்.

"நோட்டீசுல அப்படித்தான தம்பி இருந்துச்சு? எம்பேரு எங்க முடியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நவநீதகிருஷ்ணன் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. "இருக்கட்டும் வுடுப்பா. கண்ணாடியோட பேரு. இனிமே யாரும் அந்தம்மாள ஏமாத்த முடியாது."

ராசாத்தி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "சரியா இருக்குதாண்ணா? எழுத்து எதாச்சும் வுட்டுட்டனா?"

"இல்ல சாமி. ஒண்ணும் வுடல" என்றான். நோட்டைத் திறந்து குனிந்துகொண்டான். வந்தவர்கள் 118, தூக்கிய கைகள் 97, குழாய் 412 மீட்டர் என்று மேலிருந்து எழுதிக்கொண்டே வந்தான். எல்லாவற்றையும் விட முக்கியமானதை, இந்தத் தடவை தெரிந்தே, கடைசி வரியில் வைத்தான்:

ராசாத்தி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 15-8-2022, திங்கட்கிழமை.